நேற்று வந்தவனுக்கும் முப்பதா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியில் பிரதான வீதியோரம் இருக்கும் எங்கள் பேக்கரி அப்பா தொடங்கியது. 2017இல் அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது நான் கல்லாவில் போய் இருந்தேன். சில கிழமைக்கு என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். அப்போது 14 பேர் வேலை செய்தார்கள், இப்போது 17 பேர். போறணைப் பக்கம் ஒன்பது பேர், கடைக்குள் நான்கு பெண் பிள்ளைகள், பாண் ஓட்டோ ஓட்ட இரண்டு பேர், லொறிச் சாரதி ஒருவர், கழுவித் துடைக்க ஒருவர்.

அப்பாவிடமிருந்து எனக்கு வந்த நிர்வாகம் ஒரு சீ.ஆர். கொப்பியும் சுவரில் தொங்கிய ஒரு மட்டையும்தான். கொப்பியில் இடது பக்கம் பெயர், நடுவில் அட்வான்ஸ், வலது பக்கம் கொடுத்த காசு. மட்டையில் லீவு விதிகள், அப்பாவின் அழகான கையெழுத்தில். தொழிற் சட்ட விஷயத்தில் என்னை முதலில் கவிழ்த்தது அந்த மட்டை.

2019இல் கடைக்குள் நின்ற ஒரு பிள்ளைக்கு மூன்றாவது குழந்தை பிறந்தது. மட்டையில் "முதல் இரண்டு பிள்ளைக்கு 84 நாள், அதன் பிறகு 42 நாள்" என்று இருந்தது. நானும் அப்படியே 42 நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்தேன். அவளும் ஒன்றும் சொல்லாமல் நாள் முடிந்தவுடன் வந்துவிட்டாள். பத்து மணிக்கு அவளுடைய அம்மா குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார். மா மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து பால் கொடுப்பாள். நான்காம் நாள் பனிஸ் வாங்க வந்த ஒரு ரீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "இப்ப எத்தினையாவது பிள்ளைக்கும் 84 நாள்தானே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது. 2018ஆம் ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, எத்தனையாவது பிரசவமானாலும் 84 நாள் என்று ஆகியிருந்தது. அதிலும் வாராந்த விடுமுறை, போயா, அரச விடுமுறை எதுவும் அந்த 84இல் சேராது.

அடுத்த நாளே அவளை வீட்டுக்கு அனுப்பினேன், மிச்ச 42 நாளும் சம்பளத்தோடு. காசு பெரிய காசில்லை. அவள் போகும்போது "பரவாயில்லை அக்கா" என்று சொன்னதுதான் பல நாள் காதுக்குள் கிடந்தது.

அப்பா எழுதியபோது அந்த மட்டை சரிதான். அதில் இல்லாதது திகதி. இப்போது பேக்கரியில் விதி என்று எதை எழுதி ஒட்டினாலும் அடியில் "பார்த்த மாதம்" என்று ஒரு வரி போடுகிறேன். ஆறு மாதம் தாண்டிய மட்டையைத் திரும்பப் பார்க்காமல் நம்புவதில்லை. இது மிகச் சின்ன வேலை. ஆனால் சட்டம் மாறியதைவிட, மாறியது தெரியாமல் இருந்ததுதான் எங்களைப் போன்ற ஆட்களுக்கு வினை.

அடுத்த பாடம் ஒரு வருடம் கழித்து வந்தது. வேலையை விட்டுப் போன ஒருவர் தன் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்கைப் பார்த்துவிட்டு முறைப்பாடு செய்தார். ஒரு நாள் பதினொரு மணிபோல தொழில் திணைக்களத்தில் இருந்து ஒரு பெண் உத்தியோகத்தர் வந்தார். சத்தம் போடவில்லை. வரவு இடாப்பு, சம்பளப் பதிவு, லீவுப் பதிவு, நியமனக் கடிதங்கள், ஈபிஎஃப் கட்டும் சி படிவத்தின் பிரதிகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சீ.ஆர். கொப்பியைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு ஒரு பகல்போல இருந்தது.

அப்பாவின் பழக்கம் இதுதான்: சம்பளத்தில் பாதியைச் சம்பளம் என்று எழுதுவார், மறு பாதியைக் "கைச்செலவு, சாப்பாட்டுக் காசு" என்று எழுதுவார். ஈபிஎஃப் முதல் பாதிக்கு மட்டும். தொழிலாளியின் 8 சதவீதம், நம்முடைய 12 சதவீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியான ஈடிஎஃப் 3 சதவீதம், எல்லாம் அந்தப் பாதியில்தான். ஊரில் அரைவாசிக் கடைகள் இப்படித்தான் நடக்கின்றன என்று எனக்குத் தெரியும். அது எனக்குத் தைரியம் தந்திருந்தது. உத்தியோகத்தர் விளக்கினார்: தொழில்தருநர் கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதிகூட உழைப்பூதியம்தான், அதற்கும் பங்களிப்புக் கட்ட வேண்டும். மேலதிக நேரக் காசுக்கு வேண்டாம். நாங்கள் வைத்திருந்தது கிட்டத்தட்டத் தலைகீழ். பங்களிப்பை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 சதவீதம். எங்களுடையது பல வருடம். அம்மாவின் ஒரு சோடிக் காப்பு அப்போதுதான் வங்கிக்குப் போனது.

அன்று அவர் கேட்ட இன்னொரு கேள்விதான் எனக்கு உண்மையில் கண் திறந்தது. பாண் ஓட்டோப் பொடியன்கள் யார் என்று கேட்டார். விடியக் காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பட்டிருப்புப் பாலம் தாண்டி படுவான்கரைப் பக்கம் போகிறார்களே, சூன் பாண் ஆட்கள். அவர்கள் நம் ஆட்கள் இல்லை மிஸ், கொமிஷனுக்கு ஓடுகிறவர்கள் என்றேன். அவர் மூன்றே மூன்று கேட்டார். ஓட்டோ யாருடையது? எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று யார் சொல்வது? மிஞ்சிய பாண் யார் தலையில்? ஓட்டோ என்னுடையது, வழியைச் சொல்வது நான், மிஞ்சினால் எனக்கே திரும்பி வரும். சொல்லச் சொல்லவே எனக்கு விளங்கிவிட்டது. கொமிஷன் என்று பெயர் வைத்தால் மட்டும் ஒருவர் வெளியாள் ஆகிவிட மாட்டார். அந்த இருவரையும் பதிந்தோம். அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் விற்பனைக் கொமிஷன். சொந்த ஓட்டோவில் வந்து காசு கொடுத்து மொத்தமாக வாங்கிப் போகும் இன்னும் இருவர் இருக்கிறார்கள்; அவர்கள் வியாபாரிகள், அது வேறு கணக்கு.

பேக்கரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: நமக்கு ஒரே கூரைக்குள் இரண்டு சட்டம். முன்பக்கம் கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம். பின்னால் போறணையில் நிற்பவர்களுக்குச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். வெதுப்பகத் தொழிலுக்கென்று தனிச் சபையே உண்டு. கடைப் பிள்ளைகளுக்கு வருடத்தில் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் தற்செயல் லீவும் சட்டப்படி உண்டு. போறணை ஆட்களுக்கு அந்தத் தற்செயல் லீவைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. நான் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி ஏழு நாள் கொடுத்துவிட்டேன். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் குளிர்த்தி முடியும்வரை யாரை எங்கே பிடிப்பது? சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போகத்தான் போகிறார்கள். லீவு என்று எழுதிவிட்டால் எனக்கும் முன்கூட்டித் தெரியும்.

இந்த அடிக்குப் பிறகு நான் மாறினேன், கொஞ்சம் அளவுக்கு மீறியே மாறினேன். 2023இல் தொழிற் சட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே சட்டமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வட்ஸ்அப்பில் ஒவ்வொரு நாளும் ஒரு புதுத் தகவல். வேலை நேரம் மாறுகிறதாம், ஆளை நிறுத்துவது லேசாகிறதாம், இன்னும் என்னென்னவோ. பயத்தில் ஒரு சட்டத்தரணியிடம் போய் எல்லாருக்கும் புதிய நியமனக் கடிதம் எழுதுவித்தேன். அவருக்கு 25,000 ரூபாய். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அந்தச் சட்டம் வரவே இல்லை. கடிதங்களின் பின்பக்கத்தில் இப்போது மாக் கணக்கு எழுதுகிறோம்.

சரி, இனிமேல் சட்டம் நிறைவேறினால் மட்டும் அசைவது என்று முடிவெடுத்தேன். அதுவும் பிழைத்தது.

2025 பெப்ரவரி 17ஆம் திகதி வரவு செலவுத் திட்டத்தில் தனியார்துறை ஆகக்குறைந்த சம்பளம் ஏப்ரலில் இருந்து 27,000, 2026 ஜனவரியில் இருந்து 30,000 என்று அறிவித்தார்கள். அதுவரை என்ன இருந்தது என்றால், 2016இல் வந்த தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் 10,000இல் தொடங்கியது, 2021இல் 12,500, 2024இல் 17,500. இதற்கு மேல் 2005ஆம், 2016ஆம் ஆண்டுகளின் வரவு செலவு நிவாரணப் படிகள் இரண்டும் சேர்த்து 3,500. ஆக மொத்தம் 21,000. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஏழு பேருக்கு அதுதான் அடிப்படை.

ஏப்ரல் வந்தது, சட்டம் வரவில்லை. நான் பழைய சம்பளத்தையே கொடுத்தேன். மே, ஜூன். பிறகு வருட நடுவில் திருத்தச் சட்டம் நிறைவேறியது. நிவாரணப் படிகளையும் அதற்குள் சேர்த்து, 27,000 ரூபாய். நடைமுறைக்கு வரும் திகதி ஏப்ரல் 1.

வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு கணக்குப் போட்டேன். ஒருவருக்கு 6,000 வித்தியாசம், ஏழு பேருக்கு மாதம் 42,000, நான்கு மாதத்துக்கு 168,000. நம் பக்க ஈபிஎஃப், ஈடிஎஃப் 15 சதவீதம் 25,200. மொத்தம் 193,200 ரூபாய், ஒரே மாதத்தில். மற்றச் சிலருக்கு வந்த சில்லறை வித்தியாசம் வேறு. ஆடி அமாவாசை வேறு வந்து நின்றது, எல்லாரும் அட்வான்ஸ் கேட்கிற நேரம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. 2023இல் செய்ததும் பிழை, 2025இல் செய்ததும் பிழை; ஆனால் இரண்டும் ஒரே பிழை இல்லை. பேச்சு வேறு, சட்டமூலம் வேறு, சட்டம் வேறு, அது நடைமுறைக்கு வரும் திகதி இன்னும் வேறு. பேச்சு வரும்போது ஆயத்தப்படுத்த வேண்டியது பணத்தை. சட்டம் வந்த பிறகு மாற்ற வேண்டியது கடிதத்தை. நான் முதல் தடவை பேச்சுக்கே கடிதத்தை மாற்றினேன், இரண்டாம் தடவை சட்டம் வரும்வரை பணத்தையும் தொடவில்லை. ஏப்ரலிலேயே மாதம் 48,300 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வந்திருந்தால், சட்டம் வந்தால் கொடுத்திருக்கலாம், வராவிட்டால் மா வாங்கியிருக்கலாம்.

இப்போது அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. வருடா வருடம் வரவு செலவுத் திட்ட உரை முடிந்த இரவு, வியாபாரிகள் எல்லாரும் வற் வரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் சம்பளம் பற்றிய வரிகளை மட்டும் கொப்பியில் எழுதி, பக்கத்தில் என் ஆட்களின் எண்ணிக்கையைப் போட்டுப் பெருக்குகிறேன். சட்டம் வந்தவுடன் வர்த்தமானி வெளியீட்டைத் தமிழிலேயே எடுத்து வாசிக்கிறேன். முதலில் பார்ப்பது எந்தத் திகதியில் இருந்து என்பதை. தொகையைப் பிறகு பார்க்கலாம். வட்ஸ்அப்பில் வருகிறவர்கள் தொகையைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள்.

பெருக்கும்போது ஒரு விஷயம். 30,000 சம்பளம் என்றால் நமக்குச் செலவு 30,000 இல்லை. நம் பக்க ஈபிஎஃப் 3,600, ஈடிஎஃப் 900, ஆக 34,500. 15 பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தால், ஆள் விலகும்போது கொடுக்கும் பணிக்கொடைக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதாவது மாதம் 1,250 ஒதுக்க வேண்டும். 35,750 ஆகிறது. மறுபக்கம், தொழிலாளியின் 2,400 ஈபிஎஃப்க்குக் கழிந்து அவர் கையில் போவது 27,600. "முப்பது என்று சொன்னீங்க, ஏன் இருபத்தேழு?" என்று வருபவருக்குப் பதில் சொல்லச் சம்பளச் சீட்டு வேண்டும். நான் கணினி ஒன்றும் வாங்கவில்லை. அச்சகத்தில் சின்னப் புத்தகம் அடித்து, காபன் வைத்து எழுதுகிறேன். நாட்சம்பள ஆட்களுக்கு 1,200 ரூபாய். 30,000ஐ 25ஆல் வகுத்தால் வருவது அதுதான்.

இனி என்னை நித்திரை கொள்ளவிடாத பகுதிக்கு வருகிறேன். சட்டம் அடிமட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது. நடுவில் நிற்பவனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

போறணையில் மா குழைக்கும் ஒருவர் இருக்கிறார், ஒன்பது வருடம். அவருக்கு 27,000 கொடுத்து வந்தேன். தட்டுக் கழுவ வந்து ஆறு மாதமான பொடியனுக்கு 21,000. ஒரே நாளில் இருவரும் 27,000. ஜனவரியில் பொடியனுக்கு 30,000 என்றும் தெரிந்துவிட்டது. குழைப்பவர் ஒன்றும் சண்டை பிடிக்கவில்லை. ஒரு நாள் அதிகாலை நான்கு மணிக்கு மாவைத் துணியால் மூடிவிட்டு வந்து நின்றார். "அக்கா, நேத்து வந்தவனுக்கும் முப்பதா?" அவ்வளவுதான். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அந்த இரண்டு நாள் பாண் கல்லாக வந்தது. படுவான்கரைக்குப் போன ஓட்டோவில் பாதி திரும்பி வந்தது.

அந்த நேரம் ஒரு வியாபாரி எனக்கு ஒரு வழி சொன்னார். நாங்கள் ஒழுங்காக வேலைக்கு வருவதற்கு வரவுக் காசு என்று மாதம் 4,000 தனியாகக் கொடுப்போம். அதை நிறுத்தி அடிப்படைக்குள் போட்டுவிடு, 21உம் 4உம் 25, இன்னும் 2 போட்டால் 27 ஆகிவிடும், சட்டமும் சரி, செலவும் குறைவு என்றார். காகிதத்தில் எழுதிப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. அதைப் போறணைக்குப் பொறுப்பான எங்கள் பெரிய பாஸிடம் காட்டினேன். அப்பா காலத்து ஆள், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்தார். "முன் கையால தந்து பின் கையால எடுக்கப் போறயா புள்ள?" என்றார். காகிதத்தைக் கிழித்துவிட்டேன். பலர் அப்படிச் செய்தார்கள் என்று கேள்வி. நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை, கோதுமை மா விலை எனக்கும் தெரியும். ஆனால் 17 பேர் ஒரே போறணையைச் சுற்றி நிற்கும் இடத்தில் இப்படியானது இரண்டு நாளில் விளங்கிவிடும்.

கடைசியில் செய்தது இது. அடிமட்டம் 30,000 என்று வைத்து, அதற்கு மேல் படிகளை எழுதினேன். மூன்று வருடம் முடித்தவருக்கு 32,000. தனியாக மா குழைக்க, உருட்டத் தெரிந்தவருக்கு 35,500. போறணைப் பொறுப்புக்கு 52,000. எல்லாரையும் ஒரே நாளில் ஏற்ற என்னிடம் காசில்லை, அதை ஒளிக்காமல் சொன்னேன். ஓகஸ்ட், ஒக்டோபர், ஜனவரி என்று மூன்று தடவையில் ஏற்றுகிறேன் என்று திகதி எழுதி ஒவ்வொருவருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பனிஸ் விலையைக் கூட்டினேன், பாணைத் தொடவில்லை. கேக் வகையில் இரண்டை நிறுத்தினேன். யாரும் கேட்கவில்லை என்பது கொஞ்சம் வலித்தது, ஒன்று என்னுடைய கண்டுபிடிப்பு. குழைப்பவர் மூன்றாம் நாள் வந்தார். எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

புதிய சட்டம் வருகிறது என்றால் கீழ்ச் சம்பளத்தை மட்டும் கணக்குப் பார்ப்பவர்கள் இந்த நடு ஆட்களுக்கும் ஒரு தொகையைச் சேர்த்துப் பாருங்கள். எனக்கு அடிமட்டத்தை உயர்த்தியதைவிட நடுவை உயர்த்தத்தான் கூடச் செலவானது.

மற்ற மாற்றங்களை ஓடிப் போய்ச் சொல்லிவிடுகிறேன். 2021இல் வேலைக்குச் சேர்க்கும் ஆகக்குறைந்த வயது 14இல் இருந்து 16 ஆனது. பள்ளிக்கூட லீவில் தட்டுக் கழுவ மாமா தன் பேரனைக் கூட்டி வந்தார், 15 வயது. திருப்பி அனுப்பினேன், மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. 2022இல் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் நடக்கும் விபத்து உள்ளே வந்தது. உச்சத் தொகையும் 20 இலட்சமாகக் கூடியது. எங்கள் ஆட்கள் அதிகாலை இரண்டு மணிக்கு லைட் இல்லாத சைக்கிளில் வருகிறவர்கள். வெல்லாவெளிப் பக்கத்தில் இருந்து வருபவருக்கு யானையும் உண்டு, மணல் டிப்பரும் உண்டு. காப்புறுதி எடுத்தேன், ஆளுக்கொரு லைட்டும் வாங்கிக் கொடுத்தேன். போயா நாளில் வேலை என்றால் ஒன்றரைச் சம்பளம். இது புதுச் சட்டம் இல்லை, 1971இல் இருந்தே இருக்கிறது, எனக்குத்தான் புதிது.

15 என்ற எண்ணைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சட்டம் மாறாமலே சட்டம் மாறும் இடம் அது. 14 பேர் இருந்தபோது பணிக்கொடைச் சட்டம் எங்களை நேரடியாகத் தொடவில்லை. 15ஆவதாக ஒருவரைச் சேர்த்தபோது தட்டுத் தூக்க ஆள் வந்தது என்று மட்டும்தான் நினைத்தேன். அந்த ஒருவரோடு 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும், ஆளை நிறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்து உள்ளே வந்துவிட்டன. பணிக்கொடைக்கு, ஒருவர் விலகுவதற்கு முந்திய 12 மாதத்தில் எப்போதாவது 15 பேர் இருந்தால் போதும். ஐந்து வருடம் முடித்தவர் எந்தக் காரணத்துக்காகப் போனாலும் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், 30 நாளுக்குள். 15க்குக் கீழே இருந்தால் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை, விலகியவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆளைக் கூட்டும்போது பத்து என்றால் பத்து, பதினான்கு என்றால் பதினான்கு என்று எண்ணிப் பார்த்துக் கூட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. கூட்டுங்கள், ஆனால் என்ன கூடுகிறது என்று தெரிந்து கூட்டுங்கள்.

அந்த அரை மாதச் சம்பளம் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் கணக்கிடப்படும். இதை நான் மிகவும் பிந்தித்தான் உணர்ந்தேன். மாமா 2001இல் சேர்ந்தவர். 46,000 வாங்கியபோது அவருக்குச் சேர்ந்திருந்தது 24 வருடத்துக்கு 552,000. படியை 52,000 ஆக்கிய அன்றே அது 624,000. மாதச் சம்பளத்தில் 6,000தான் கூட்டினேன், கடன் 72,000 கூடிவிட்டது. யாரும் என்னிடம் பில் தரவில்லை, வங்கி எச்சரிக்கவில்லை.

அதோடு ஓய்வு வயது. அப்பா காலத்தில் 55 என்றால் வீட்டுக்கு. மாமாவும் 55இல் போவார் என்றுதான் அவர் கணக்கைச் சேர்த்து வந்தேன். 2021இல் தனியார்துறையிலும் ஆகக்குறைந்த ஓய்வு வயது 60 என்று சட்டம் வந்தது. அப்போது அவருக்கு 51. 2025இல் 55 முடிந்தது, போகும் எண்ணம் அவருக்கு இல்லை, அனுப்பும் உரிமை எனக்கு இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதிதான். அவர் கைப் பக்குவம் இன்னும் ஒருவருக்கும் வரவில்லை. ஆனால் போறணையின் சூட்டில் எட்டு மணித்தியாலம் நிற்க அவர் முதுகு விடாது. ஆகவே காலை நேரத்தை மட்டும் அவருக்கு வைத்து, பின்னேரம் இரண்டு பேரைப் பழக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறேன், சம்பளத்தைக் குறைக்காமல். 60 வரை இருந்தால் 29 வருடம். இன்றைய சம்பளத்திலேயே 754,000 ரூபாய்.

பணிக்கொடைக்கென்று திறந்த கணக்கில் அவர் பங்குக்கு இப்போது 310,000 இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் வீதி வெள்ளத்தில் மூழ்கி மா லொறி வராமல், மின்சாரமும் இல்லாமல் கிடந்தபோது, ஜெனரேட்டருக்கு டீசல் அடிக்க அதில் இருந்துதான் 60,000 எடுத்தேன். இன்னும் திருப்பிப் போடவில்லை. மாதம் 8,500 போட்டால் 2030க்குள் சேர்ந்துவிடும், நடுவில் சம்பளம் ஏறாவிட்டால். சம்பளம் ஏறாமல் இருக்குமா?

மாமாவுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் தெரியாது. போன கிழமை தட்டை இழுத்து வெளியே எடுத்துக்கொண்டே கேட்டார், "புதுப் போறணை எப்ப புள்ள வாங்குற?" வாங்குவோம் மாமா என்றேன். அந்தக் காசும் இந்தக் காசும் ஒரே வங்கியில்தான் கிடக்கிறது, கணக்கு இலக்கம் மட்டும் வேறு.